எழுத்தைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கோயிலில் தாலி கட்டினால் போதும், பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடும் எழுத்து வேண்டாம், நம் கலியாணத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். பாதிக்கு நானும் உன் பக்கம்தான். மற்றப் பாதிக்கு அம்மா சொல்வதைக் கேள்.

நம் ஒழுங்கையின் மூலை வீட்டு அக்கா பத்திரகாளி அம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியவர். எழுத்து நடக்கவில்லை. சண்டைக் காலத்தில் கணவர் போன பிறகு, கரையான் அரித்த கலியாணப் படத்தையும் கோயில் ஐயர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். வழக்கப்படி நடந்த கலியாணத்தையும் இலங்கை நீதிமன்றங்கள் ஏற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறது? புருஷனை இழந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவள் தலையில். பதிவாளர் முன்னால் போட்ட ஒரு கையெழுத்து அந்த அலைச்சலைத் தீர்த்திருக்கும்.

வயதையும் சம்மதத்தையும் அரசாங்கம் கேட்கத்தான் வேண்டும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம் 12 வயதுப் பெண் பிள்ளையையும் கட்டிக்கொடுக்க இடம் விட்டிருந்தது. 1995இல்தான் அது 18 ஆனது. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் இடையில் போனார்கள்! முஸ்லிம் பெண்கள் தங்களுடைய 1951ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிப் பல வருடங்களாகப் போராடுவதும் இதற்காகத்தான். வயதெல்லை வேண்டும், மணமகளின் கையெழுத்தும் பதிவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். முழு நியாயம்.

அதற்கு மேல் ஓர் அடியும் அரசாங்கம் உள்ளே வைக்கக் கூடாது. வெளிநாட்டவர் ஒருவர் இலங்கையரை மணப்பதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் ஒரு சுற்றறிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வாசித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. கனடாவில் பிறந்த நம் பிள்ளைகளும் அவர்கள் கணக்கில் வெளிநாட்டவர்தானே. சாதி பார்த்துப் பிள்ளைகளின் வழியை மறிக்கும் பெற்றோர் ஏற்கெனவே போதும்; அமைச்சும் ஏன் வந்து வாசலில் நிற்க வேண்டும்?

உன் மாப்பிள்ளையும் கனடாவில் பிறந்தவர் என்பதால், இப்போது என்னென்ன பத்திரம் கேட்கிறார்கள் என்று பதிவாளரிடம் விசாரித்து எழுதுகிறேன். தாலிகட்டு நீ ஆசைப்பட்டபடி கோணேசர் கோயிலில். எழுத்தை அதற்கு முதல் நாள் நம் விறாந்தையில் வைத்துக்கொள்வோம். ஒரு சாட்சிக்குப் பெரிய மாமா வருவார். மற்றவர் யார் என்று நீ சொல். உங்கள் இருவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதிகளையும் இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா