சும்மா இருக்கிற அப்பா எழுதுவது

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் இணைப்பில் குழந்தை வளர்ப்புக் குறிப்புகள் போடுகிறீர்கள், நல்ல விஷயம், தவறாமல் வாசிக்கிறேன். ஆனால் எல்லாமே "தாய்மார்களே" என்றுதான் ஆரம்பிக்கிறது. சளி பிடித்தால் தாய்மார்கள் என்ன செய்ய வேண்டும், பல் முளைத்தால் தாய்மார்கள் என்ன கொடுக்க வேண்டும். நான் தாய் இல்லை. தக்கலைப் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு வயது மகளையும் ஒன்றரை வயது மகனையும் பகல் முழுக்க, மாதத்தில் பல ராத்திரிகளும் சேர்த்து, ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிற தகப்பன். அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவன் மாதிரித்தான் உங்கள் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். மகன் பிறந்தபோது 12 மாத விடுப்பு கிடைத்தது (முன்பு 9 மாதம், 2021-இல்தான் 12 ஆக்கினார்கள்). அது முடிகிற நேரத்தில்தான் அடுத்து யார் என்ற கேள்வி வந்தது. என் அம்மா இல்லை. மாமியாருக்கு இரண்டு முட்டும் தேய்மானம், உட்கார்ந்தால் எழும்ப ஆள் வேண்டும். நான் நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பஸ் காசு, சாயாக் காசு எல்லாம் போக மிஞ்சுவதை அப்படியே பிள்ளையைப் பார்க்கிற ஆளுக்குக் கொடுத்தாலும் பற்றாது. ஒரு ராத்திரி இரண்டு பேரும் நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக் கூட்டிக் கழித்தோம், வேலையை விட வேண்டியது யார் என்று கணக்கே சொல்லிவிட்டது. மற்றபடி இதில் புரட்சி எதுவும் கிடையாது.

முதல் மாதம் நான் செய்த கூத்தை எழுதினால் உங்கள் பக்கம் பற்றாது. மகளுக்கு இரட்டைப் பின்னல் போடத் தெரியாமல், ஜன்னல் கம்பியில் மூன்று பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டி, ராத்திரி பிள்ளைகள் உறங்கின பிறகு பின்னிப் பின்னிப் பழகினேன். கயிறு சொன்னபடி கேட்டது, தலைமுடி கேட்கவில்லை, ஏனென்றால் கயிற்றுக்குத் தலை ஆடாது. ஏத்தங்காய்ப் பொடியை (நேந்திரங்காயைக் காயவைத்து இடித்த பொடி) கொதிக்கிற வெந்நீரில் அப்படியே கொட்டி, கட்டி கட்டியாகி, கடைசியில் கோழிக்குப் போட்டேன். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வைக்க வேண்டுமாம். இதை எல்லாரும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருகிறார்கள்போல, யாருமே சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வாழைப்பழமான மட்டிப்பழம் மட்டும் கைவிடவில்லை. நம்ம ஊர் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாக எழுதினார்கள், எனக்கு அதைவிடப் பெருமை, என் மகன் வேறு எதைத் துப்பினாலும் அதைத் துப்பமாட்டான்.

மழைக்காலம் தனிக் கதை. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படித்தேன், அதன் அர்த்தம் ஜூன் மாதம் வராந்தாவில் பதினெட்டு ஈரத் துணியைத் தொங்கவிட்டபோதுதான் விளங்கியது. பக்கத்து வீட்டு அண்ணன் கொடியில் ரப்பர் ஷீட் போட்டிருப்பார், நான் மூத்திரத் துணி போட்டிருப்பேன், இரண்டும் காயாது.

மனைவிக்கு நைட் டூட்டி என்றால் மகன் மூன்று மணிவாக்கில் விழித்து அம்மாவைத் தேடுவான். இன்னும் பால்குடி மறக்காத பிள்ளை. புட்டியை நீட்டினால் தட்டிவிடுவான், பாட்டும் செல்லாது. தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிற ஆட்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஏறுவார்கள். வெளிச்சம் ஒரு மரத்தில் நிற்கும், அணைந்த மாதிரி இருக்கும், அப்புறம் அடுத்த மரத்தில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே அழுகையை நிறுத்தி, என் தோளில் எச்சில் ஒழுக உறங்கிவிடுவான். அதற்குப் பிறகு எனக்கு உறக்கம் வராது, அரிசியைக் களைந்து போட்டுவிடுவேன்.

இவ்வளவும் முடித்து எட்டரை மணிக்கு மகளை அங்கன்வாடியில் விட்டுத் திரும்பும்போது, வழியில் ஒரு பாட்டி தினமும் கேட்பார்: "மக்களே, அவ டூட்டிக்குப் போயாச்சா? நீ இன்னைக்கும் சும்மாதானா?"

பாட்டி மேல் கோபம் இல்லை. அந்த "சும்மா"வை நானே ஒரு காலத்தில் சொன்னவன்தான். மகள் பிறந்து மனைவி விடுப்பில் இருந்த நாட்களில், கடையிலிருந்து வந்து சாப்பாடு ஆறியிருந்தால், "வீட்டுல சும்மாதானே இருந்தே" என்று கேட்டிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நான் வேலையை விட்டு இரண்டாவது வாரம், டூட்டி முடிந்து வந்தவள், சோறு வடிக்காமல் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள் பாருங்கள், அதற்கு நான் இன்னும் பதில் வைத்திருக்கவில்லை.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவழிப்பதாகவும், ஆண்கள் 97 நிமிடம் என்றும் வந்திருக்கிறது. அந்த 97-உம், வீட்டு வேலை செய்கிறேன் என்று சொன்ன ஆண்களின் சராசரிதான், நாலில் மூன்று பங்கு ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. அப்போது நான் அந்த மூன்று பங்கில் இருந்தேன்.

சட்டமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தித் தாய்க்கு 26 வாரம் ஆக்கினார்கள், நல்லது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. தகப்பன் போய்ப் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் தகப்பனுக்கு 15 நாள், தனியார் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. மத்திய அரசில் 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது, அது பெண்களுக்கும், துணை இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும்தான். அதாவது மனைவி இருந்தால் பிள்ளை அவள் பொறுப்பு.

இன்னொன்று, இது என்னைவிட என் மனைவியைத்தான் அதிகம் காயப்படுத்துகிறது. கல்யாண வீட்டில் நான் மகனுக்குச் சோறு ஊட்டினால், "எவ்வளவு பொறுப்பான அப்பா" என்று பாராட்டுவார்கள். அதே வாய் அடுத்த நிமிடம், "பச்சப் பிள்ளைய விட்டுட்டு அவளுக்கு அப்படி என்ன வேலை" என்று கேட்கும். நம்ம மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் ஆண்கள் கல்ஃபுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து பிள்ளையின் முகம் பார்த்திருக்கிறார்கள், அவர்களை யாரும் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவன் என்று சொன்னதில்லை, குடும்பத்துக்காகக் கஷ்டப்படுகிறவன் என்றுதான் சொன்னோம், சரியாகத்தான் சொன்னோம். என் மனைவி பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் டூட்டி பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

சரி, இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு புதன்கிழமை, மகனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு (அங்கேயும் முதல் கேள்வி "அம்மா வரலியா?", அட்டையில் அடுத்த தேதியை நான் மனப்பாடமாகச் சொன்ன பிறகுதான் கேட்டவரின் முகம் மாறியது), ஒரு வேலையாக மாவட்டத்தில் உள்ள ஒரு பேருந்து நிலையத்துக்குப் போனேன். அங்கே அவனுக்கு வயிறு இளகிவிட்டது. முதுகுவரை. ஒரு கையில் பை, ஒரு கையில் அவன், என் சட்டையிலும் கொஞ்சம். தாய்மார்கள் பாலூட்டும் அறை இருந்தது, 2015-இல் தமிழகம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் திறந்தார்களே, அதில் ஒன்று. உள்ளே ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் வாசலிலேயே திரும்பிவிட்டேன். ஆண்கள் கழிப்பிடத்தில் எட்டிப் பார்த்தேன், பிள்ளையைப் படுக்க வைக்க ஒரு திட்டுகூட இல்லை, தரை இருந்த நிலையை எழுத விரும்பவில்லை. கடைசியில் ஒரு பஸ்ஸின் பின்பக்கம், சிமென்ட் பெஞ்சில், பையிலிருந்த சாரத்தை (கைலியை) விரித்து, குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். உச்சி வெயில். அவன் கத்துகிற கத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள், "அம்மா எங்கே?" என்று மூன்று பேர் கேட்டார்கள். பிச்சிப்பூ விற்கிற ஓர் அக்கா மட்டும் எதுவும் கேட்காமல் வந்து, முடிகிறவரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாய்மார் அறைக்குள் ஆண்களை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது, அது அவர்களுக்கான இடம். நான் கேட்பது அதற்கு வெளியே ஒரு திட்டு. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இடுப்பு உயரம், பிள்ளை உருளாமல் இருக்க ஓரத்தில் நாலு விரல் தடுப்பு, பக்கத்தில் ஒரு குழாய், அழுக்கைப் போட ஒரு மூடி போட்ட தொட்டி, மேலே நிழல். அப்பா வந்தாலும் தாத்தா வந்தாலும் பிள்ளையைக் கழுவ முடிய வேண்டும். நான் சொல்கிற பேருந்து நிலையத்தில் இடத்துக்கும் பஞ்சமில்லை. பாலூட்டும் அறையை ஒட்டியே, தண்ணீர் வராத பழைய குடிநீர்த் தொட்டி ஒன்று போஸ்டர் ஒட்டுவதற்காக மட்டும் நின்றுகொண்டிருக்கிறது, அதை இடித்தாலே போதும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தகப்பன்,
தக்கலை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.