முகிலுக்குச் சொல்லவேண்டிய கதை

அன்பு மகன் அருளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்கவில்லை, படகெல்லாம் கரையில்தான் கிடக்கிறது.

டைட்டானிக் கதை கேட்டதிலிருந்து முகில் வேறெதுவும் பேசுவதில்லை, ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாவுக் கதை எதற்கென்று மருமகள் வருத்தப்படுகிறாள் என்றாய். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. படுக்கப் போகிற நேரத்தில் சொல்லாதே, காலையில் சொல். செத்தவர்கள் படத்தைக் காட்டாதே. ஆனால் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று பொய்யும் சொல்லாதே. நாளைக்கு உண்மை தெரியும்போது உன்மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும்.

கதையை விடவேண்டாம். கப்பல் முழுகியதோடு முடிக்கத்தான் கூடாது. "ஏன் எல்லாரும் படகில் ஏறல?" என்று முகில் கேட்டானாமே, அங்கேதான் சரித்திரப் பாடம் ஆரம்பம். கப்பலில் ஏறக்குறைய 2,200 பேர். இருந்த 20 படகில் பாதிப்பேருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். அன்றைக்கு இருந்த சட்டம் கப்பலின் அளவைப் பார்த்துப் படகு கேட்டதே தவிர, ஆளை எண்ணிக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு கப்பலில் வயர்லெஸ்காரர் வேலை முடித்துத் தூங்கப் போயிருந்தார். 1912-ல் இது நடந்தது. 1914-ல் நாடுகள் கூடி, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும், வயர்லெஸ்ஸை இரவும் பகலும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நியாயம் அநியாயம் நன்றாகவே தெரியும். இதைச் சொல்லிப் பார், விளங்கிக்கொள்வான்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அட்லாண்டிக்கில் போன கப்பலைத் தெரிந்த பிள்ளைக்குத் தனுஷ்கோடி தெரியாமல் இருக்கலாமா?

1964 டிசம்பர் 22 இரவு. பெரும்புயல். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தேதியில் ஆரம்பித்தால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கும். ரயிலைக் கடல் கொண்டுபோனது என்றால் பின்வரிசைப் பிள்ளைகளும் எழுந்து முன்னால் வந்து உட்காரும். அடுத்து கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், நிலம் முடியிற இடத்துக்கு எதுக்கு ரயில்?"

அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் நான் காத்திருப்பேன். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தார்கள். சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. தனுஷ்கோடியில் தபால் ஆபீஸ், சுங்க ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்தன. நம் சனம் எத்தனையோ பேர் மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து, மருத்துவச் சோதனை முடிந்து, தேயிலைத் தோட்டத்துக்குப் போனது இந்த வழியில்தான். வெள்ளைக்காரன் ஆட்சி, இலங்கை, தேயிலை, பஞ்சம் பிழைக்கப் போனது எல்லாமே அந்த ஒரு ரயிலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

கடல் கோபத்தில் ஊரை விழுங்கியது என்று மட்டும் சொல்லாதே. தட்டில் தண்ணீர் ஊற்றி அவனை ஒரு பக்கமிருந்து ஊதச் சொல். தண்ணீர் எதிர்ப்பக்கம் ஒதுங்கி ஏறும். நம் பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். புயல் தள்ளுகிற தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் கரைமேல் ஏறிவிடுகிறது.

பாலத்தின் கதையையும் விட்டுவிடாதே. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கண் என்று இருந்த 145 கண்ணில் 126 கண்ணின் இரும்புத் தூலங்களைப் புயல் கொண்டுபோய்விட்டது. சரிசெய்ய ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்தார்கள். இளம் என்ஜினியராக இருந்த ஸ்ரீதரன் 46 நாளில் ரயிலை ஓடவைத்தார். கடலுக்குள் விழுந்து கிடந்த தூலங்களையே தேடி மீட்டுத் திரும்பப் பொருத்தினார்கள். என் வகுப்பில் இந்த இடம் வரும்போதுதான் பயந்த பிள்ளைகளின் முகம் தெளியும்.

மருமகளிடம் இன்னொன்றும் சொல். சுமத்ரா பக்கம் சிமியுலு என்று ஒரு தீவு. 1907-ல் அங்கே பெரிய அலை வந்து நிறையப்பேர் செத்தார்கள். பிழைத்தவர்கள் அதைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்: நிலம் குலுங்கிக் கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. 2004 சுனாமி அந்தத் தீவைத் தொட்டபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனத்தில் செத்தது ஏழு பேர்தான். எந்தச் சைரனும் அடிக்கவில்லை. பாட்டிமார் சொன்ன கதை இருந்தது. சாவுக் கதையைப் பிள்ளைக்கு ஏன் சொல்கிறோம் என்று அவள் கேட்டால், இதைச் சொல்.

இங்கே சுற்றுலா வருகிறவர்கள் தனுஷ்கோடியைப் பேய் நகரம் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. இன்றும் அங்கே குடிசை போட்டு மீன்பிடிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. முகில் காதில் அந்தப் பேச்சு விழவேண்டாம்.

அரைப்பரீட்சை லீவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வா. ரயில் நிலையச் சுவர், சர்ச்சின் மிச்சம் எல்லாம் நானே காட்டுகிறேன். ராத்திரி வண்டியில் நேரே வந்துவிடாதே, இருட்டில் பாலம் தாண்டிப்போய்விடும். மதுரையில் இறங்கி, காலையில் பாசஞ்சர் பிடி. ஜன்னலோரம் அவனுக்கு. ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல், மார்கழி வாடைக்காற்று பிள்ளைக்கு ஆகாது.

அன்புடன்,
அம்மா