பொம்மைப் படம் வேண்டாம் என்ற அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பற்றி நான் தொலைபேசியில் பேச்செடுத்ததுமே, “பேரன் பார்க்கிறானே, கண்ணை உருட்டிக்கொண்டு கத்துவார்களே, அதுதானே?” என்று கேட்டு முடித்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் எழுதினால் நீங்கள் திறக்கமாட்டீர்கள். இந்த வலைப்பூவை மட்டும், எழுத்துப்பிழை கண்டுபிடிப்பதற்காகவாவது, விடாமல் படிக்கிறீர்கள். அதனால் ஊரறிய இங்கேயே எழுதுகிறேன்.

இப்போதைய படங்களில் ஒரு முகத்தைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது என்பது உங்கள் பழைய குறை. நான் சொல்லப்போகும் படங்களை அந்தக் குறைக்கு மருந்தாகவே பரிந்துரைக்கிறேன். அனிமேஷன் என்றாலே ஓயாத அசைவு என்று நினைக்கிறோம். இவற்றை எடுத்தவர்களோ எங்கே அசைக்காமல் விடுவது என்று யோசித்து யோசித்து எடுத்திருக்கிறார்கள். இயக்குநர் மியாசாகியை உலகமே அறியும், அவர் படங்கள் நல்ல படங்கள், மறுப்பில்லை. அந்த வெளிச்சத்தில் கண்ணில் படாமல் போனவர்களில் நீங்கள் முதலில் சந்திக்க வேண்டியவர் கிஹாச்சிரோ கவமோட்டோ.

டோக்கியோவில் 1925இல் பிறந்தவர். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கும் கலையில் செக் நாட்டு மேதையான யிரி ட்ரன்காவின் படத்தைப் பார்த்துக் கிறங்கிப்போய், 1963இல் பிராக் நகருக்கே போய் அவரிடம் தொழில் கற்றார். அங்கே குரு சொன்ன முக்கியமான பாடம், உன் நாட்டு மரபில் தேடு என்பது. ஊர் திரும்பியவர் ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோவையும் புன்ராக்கு பொம்மலாட்டத்தையும் கையிலெடுத்தார். நோ முகமூடியில் இமையோ உதடோ அசையாது. நடிகர் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அதில் துக்கம் படரும், சற்று நிமிர்த்தினால் முகம் மலரும். கவமோட்டோவின் பொம்மைகளும் பெரும்பாலும் அப்படித்தான் நடிக்கின்றன. மிச்சத்தை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நாவல் படித்துப் பழகிய உங்களுக்கு இது சிரமமாக இருக்காது.

‘ஓனி’யில் தொடங்குங்கள். 1972இல் வந்தது, எட்டே நிமிடம். நடமாட முடியாத கிழத்தாயை வீட்டில் விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் இரவில் வேட்டைக்குப் போகிறார்கள். இருட்டில் ஒரு பேய்க்கை அண்ணனைப் பிடிக்கிறது. தம்பி அம்பெய்து அந்தக் கையைத் துண்டிக்கிறான். விழுந்த கையை உற்றுப் பார்க்கிறார்கள். மேற்கொண்டு சொல்லமாட்டேன். கொன்ஜாக்கு என்ற பழைய ஜப்பானியக் கதைத் தொகுப்பில் உள்ளது இது.

அடுத்தது, 1976இல் வந்த ‘தோஜோஜி’. புண்ணியத் தலத்துக்குப் போகும் இளம் துறவிமீது ஒரு பெண் ஆசை கொள்கிறாள். அவன் ஏமாற்றிவிட்டு ஓடுகிறான். துரத்துகிறவள் ஆற்றைக் கடக்கும்போது பாம்பாகிறாள். கோயில் மணிக்குள் அவன் ஒளிந்துகொள்ள, மணியையே சுற்றி வளைத்து எரிக்கிறாள். கோபத்தில் ஒரு பெண் எரித்த கதை நமக்குப் புதிதில்லை என்பீர்கள். நம்மவளுக்கு நீதி கேட்க ஓர் அரசவை இருந்தது. இவளுக்கு அப்படி ஓர் இடமும் இல்லை. அதனால் இந்தப் படம் கடைசியில் யார் பக்கம் நிற்கிறது என்று சொல்லவே முடியவில்லை.

இவ்வளவு நுட்பமான படங்களைத் திரையிடத் திரையரங்குகள் வரிசையில் நின்றன என்று நினைக்காதீர்கள். கவமோட்டோவும் அவரைப் போலவே பொம்மைப் படங்கள் எடுத்த தடனாரி ஒகமோட்டோவும் சேர்ந்து 1970களில் ‘பப்பெட் அனிமே ஷோ’ என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையில் பொம்மலாட்டமும் நடக்கும், திரையில் படமும் ஓடும். 1990இல் ஒகமோட்டோ இறந்தபோது பாதியில் நின்ற அவருடைய கடைசிப் படத்தை முடித்துக்கொடுத்தவரும் கவமோட்டோதான்.

இனி, உங்களுக்கென்றே எடுத்ததுபோல ஒரு படம். ‘ஷிஷா நோ ஷோ’, அதாவது இறந்தவர்களின் புத்தகம். ஷினோபு ஒரிகுச்சியின் நாவலைத் தழுவி, ஏறத்தாழ எண்பது வயதில் கவமோட்டோ முடித்த முழுநீளப் படம். எட்டாம் நூற்றாண்டு, ஜப்பானின் அன்றைய தலைநகர் நாரா. புஜிவாரா என்ற பெருங்குடும்பத்துப் பெண் புத்த சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக்கொண்டிருக்கிறாள். சூரியன் மறையும் வேளையில், ஃபுதகாமி மலையின் இரண்டு சிகரங்களுக்கு நடுவே ஒளிமயமான ஓர் உருவம் அவளுக்குத் தெரிகிறது. அதைத் தேடி வீட்டைவிட்டுக் கிளம்பி, பெண்கள் நுழையக் கூடாத தைமா கோயிலுக்குள் போய்விடுகிறாள். அந்த மலையில் புதைக்கப்பட்டிருப்பவன் ஓட்சு இளவரசன். அரசுக்கு எதிராகச் சதி செய்தான் என்று 686இல் சாகவைக்கப்பட்டவன். சாகும் நேரத்தில் கண்ட ஒரு பெண்ணின் முகத்தை மறக்க முடியாமல் அவன் ஆவி அலைகிறது. இந்தப் பெண்ணை அவளென்றே எண்ணிக்கொள்கிறது.

இந்த இடத்தில் வேறொரு படமாக இருந்தால் அலறல் கேட்டிருக்கும், மந்திரவாதி வந்திருப்பார். இந்தப் பெண்ணுக்கோ, அந்த உடம்பு குளிருமே என்று தோன்றுகிறது. தாமரைத் தண்டிலிருந்து நூல் எடுத்து, அவனுக்குப் போர்த்த ஆடை நெய்ய உட்கார்கிறாள். நெசவு படத்தில் நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறது. நூல் அறுகிறது, மீண்டும் தொடங்குகிறாள். ஒவ்வொரு கட்டமாகப் பொம்மையை நகர்த்திப் படமெடுத்தவரின் பொறுமையும் அவள் பொறுமையும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆவி என்றால் விரட்ட வேண்டும் என்று மட்டுமே திரைப்படங்களில் பார்த்துப் பழகிய எனக்கு, ஆவிக்குத் துணி நெய்யும் கதை திகைப்பாக இருந்தது.

அடுத்து ஓர் எச்சரிக்கை. எய்ச்சி யமமோட்டோவின் ‘பெல்லடோனா’ பற்றி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 1973இல் வந்தது. சூனியக்காரிகளைப் பற்றி மிஷ்லே எழுதிய பிரெஞ்சு நூலிலிருந்து பிறந்தது. திருமண நாளிலேயே பண்ணைப் பிரபுவால் சீரழிக்கப்படும் ஏழைப்பெண் சாத்தானோடு கைகோக்கிறாள். குனி ஃபுகாயின் நீர்வண்ண ஓவியங்கள் பல இடங்களில் அசைவதே இல்லை. நீண்ட சுருளின் மேல் செல்வதுபோல் கேமரா மட்டும் நகர்கிறது. அவ்வளவு அழகு. ஆனால் அந்த வன்முறைக் காட்சி பார்க்கக் கடினமானது. பெண்ணின் சார்பில் பேசும் படம் அவள் உடம்பை இத்தனை ரசனையோடு காட்ட வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. தயாரித்த முஷி நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. படத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் மீட்டெடுத்தார்கள். தனியாக, பகலில் பாருங்கள், அல்லது விட்டுவிடுங்கள். உங்கள்மேல் எனக்கு மரியாதை குறையாது.

மமோரு ஓஷியின் ‘டென்ஷி நோ தமாகோ’ உங்களுக்குப் பிடிக்குமா என்று சந்தேகம்தான். ஒரு சிறுமி, ஒரு முட்டை, பாழடைந்த ஒரு நகரம், எழுபத்தொரு நிமிடம், விரல்விட்டு எண்ணக்கூடிய வசனங்கள். எனக்கு உயிர்.

மாமாவுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். கோஜி யமமுராவின் ‘அதமயாமா’, 2002இல் வந்தது, பத்து நிமிடம். ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. ஒரு கருமி, வீணாகிவிடுமே என்று செர்ரிப் பழத்தைக் கொட்டையோடு விழுங்குகிறான். தலையில் மரம் முளைக்கிறது. பூத்ததும் ஊரே அவன் தலைமேல் ஏறி அமர்ந்து குடித்துக் கூத்தடிக்கிறது. பொறுக்காமல் மரத்தைப் பிடுங்கிவிடுகிறான். அந்தக் குழியில் மழைநீர் தேங்கிக் குளமாக, இப்போது நீந்த வருகிறார்கள். ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டே ஒருவர் கதையைப் பாடிச் சொல்வது வில்லுப்பாட்டு கேட்கிற சுகம். கருமியைப் பற்றிய படம் என்று மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்