ஷோகேஸில் வைப்பதற்கு முன் அந்தக் குமிழைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கும், தாத்தாவின் கேமராவை இன்னும் பீரோவில் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

போன மாதம் சந்தையில் ஒருவர், யாஷிகா மேட் 124ஜி ஒன்றைத் தன் கடையில் அழகுக்கு வைக்க வாங்கினார். "ஷோபீஸ்தான் சார், ஓடாது" என்று சொல்லித்தான் விற்றவரும் கொடுத்தார். நான் கேட்டு வாங்கி, பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றி, வேகத்தை ஒரு செகண்டில் வைத்து அழுத்தினேன், ஷட்டர் சுத்தமாகத் திறந்து மூடியது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் மட்டும் அசையவில்லை, ஏனென்றால் அதற்குரிய பாதரச செல் இப்போது கடைகளில் வருவதில்லை. முள் அசையவில்லை என்பதற்காகக் கேமராவே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், ஆனால் அதன் ஷட்டருக்குச் செல்லே தேவையில்லை. 1970 முதல் 1986 வரை ஜப்பானில் செய்த கேமரா அது. மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற இந்த மாதிரி இரட்டை லென்ஸ் கேமராக்களில்தான் நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் எத்தனையோ கல்யாணங்களை எடுத்தார்கள், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம், அதனால் ஒவ்வொன்றையும் யோசித்து எடுத்தார்கள். அது கண்ணாடிக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசே வரவில்லை.

வாங்குகிறவர்கள் வெளியே மின்னுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நானும் ஒருமுறை, நன்றாகப் பாலிஷ் போட்ட யாஷிகா எலக்ட்ரோ 35-ஐ வாங்கி வீட்டில் வந்து பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. லெதர் கேஸோடு பீரோவில் வருஷக்கணக்கில் மூடி வைத்தால் அப்படித்தான் ஆகும். உள்ளே ஃபிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பின்கதவைத் திறந்து, ஷட்டரைத் திறந்த நிலையில் வைத்து, லென்ஸுக்குப் பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கதவோரத்து ஸ்பாஞ்ச் பிசுபிசுவென்று இருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஷட்டர் ஓட வேண்டும் என்று தையல் மெஷின் ஆயிலை மட்டும் விடாதீர்கள், அது தகடுகளில் ஏறி ஒட்டிக்கொண்டால் அப்புறம் முழுவதையும் பிரித்துத்தான் கழுவ வேண்டும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் அதே சந்தையில் ஒரு பென்டாக்ஸ் கே1000 வாங்கினேன். பின்கதவைத் திறக்கும் முன் இடது பக்கம் மேலே இருக்கும் குமிழை, அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்பினேன், இறுகியது. இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது என்று அர்த்தம். அடியில் உள்ள பட்டனை அழுத்தி, குமிழ் லேசாகும்வரை சுற்றி ரோலை டப்பிக்குள் ஏற்றிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவசரப்பட்டு முதலிலேயே திறந்திருந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் போயிருக்கும்.

கறுப்பு வெள்ளை ரோல். திருநகர் வீட்டிலேயே கழுவினேன். ஃபிலிமைக் கழுவும் டெவலப்பர் திரவம் 20 டிகிரியில் இருக்க வேண்டும், மே மாதம் நம் குழாயில் வருகிற தண்ணீருக்கு அது நடக்கிற காரியமா, பக்கெட்டில் ஐஸ் போட்டு அதற்குள் பாட்டிலை நிறுத்தி வைத்துத்தான் செய்தேன். 36 படத்தில் பதினொன்று வந்தது, அதுவும் மங்கலாக. தண்ணீரே இல்லாத வண்டியூர் தெப்பக்குளம், மைய மண்டபத்தைப் பின்னால் வைத்துக் கிரிக்கெட் ஆடும் பையன்கள். படிக்கட்டில் கட்டம் போட்ட சேலையில் ஒரு அம்மா, மடியில் மொட்டை அடித்த குழந்தை, அவருக்குப் பக்கத்தில் பெல்பாட்டம் போட்ட ஒருவர் கேமராவைப் பார்க்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் படங்களை அந்த வீட்டில் யாருமே பார்த்ததில்லை என்று நினைக்கும்போது கஷ்டமாக இருந்தது.

வீட்டைக் காலி செய்யும்போது பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறவர்கள், சந்தையில் விற்பவர்கள், அழகுக்கு வாங்குகிறவர்கள், எல்லோரும் தயவுசெய்து அந்தக் குமிழை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கேமராவை விற்றவருக்கு அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. நெகட்டிவை கவரில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் சொன்ன படங்கள் தங்கள் குடும்பத்துடையவை என்று யாருக்காவது தோன்றினால் உங்கள் அலுவலகம் மூலம் தெரிவிக்கட்டும், பிரிண்ட் போட்டு நெகட்டிவோடு நானே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
திருநகர் வாசகர், மதுரை