உன் கையெழுத்து வேணும் அக்கா

மார்கேட், இங்கிலாந்து
12 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க மூணு பேரும் சுகம். உனக்கு முழங்கால் வீக்கம் வத்துச்சா? மச்சான் சொல்றதைக் கேட்டு இந்த அமாவாசைக்காவது கடல்பாசி எடுக்கத் தண்ணிக்குள்ள இறங்காம இரு. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்றதுக்கு முந்தியே வாங்கி வச்சிரு.

நாள் தவறாம போன்ல பேசுறவ எதுக்குக் கடிதம் போடுறான்னு நினைப்பே. போன வாரம் நான் வாயைத் திறந்ததும் "வேலையை விடப் போறியா?"ன்னு கேட்டுட்டு நீ அழுதுட்டே. எனக்கும் அழுகை வந்து, சொல்ல வந்தது சொல்லாமலே போச்சு. அதனால எழுதுறேன். வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டுத் திண்ணையில உக்காந்து படி.

முதல்ல உன் பயத்தைத் தீர்த்துடுறேன். நான் நர்ஸ் வேலையை விடலை, படம் செய்யக் கத்துக்க நேரம் வேணும்னு குறைச்சிருக்கேன். இங்க முழுநேர வேலைன்னா வாரத்துக்கு 37.5 மணி நேரம். எங்க வார்டுல அதைப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டா, வாரம் மூணு நாள் பார்க்குறோம். அதை ரெண்டு நாளாக்கிக் கேட்டேன், குடுத்துட்டாங்க. சம்பளம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறையும். அம்மாவுக்கு மாசாமாசம் வர்ற பணம் குறையாது. அதை முதல்லயே ஒதுக்கி வச்சுட்டுத்தான் மத்த கணக்கே போட்டேன்.

இதை முந்தியே செஞ்சிருக்க முடியாது. எந்த வேலைக்குன்னு விசா குடுத்தாங்களோ அந்த வேலையைத்தான் பார்க்கணும். 2019 நவம்பர்ல வந்தேன். அஞ்சு வருஷம் முடிஞ்சு, இந்த வருஷம்தான் நிரந்தரமா தங்குற அனுமதி கைக்கு வந்துச்சு. அதுக்கும் ஒரு பரீட்சை உண்டு, 24 கேள்வியில 18 சரியா எழுதணும். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல படிச்சே பாஸ் பண்ணினேன். அந்த அனுமதி வந்த அன்னைக்கு இவுக கேட்டாக, "இனிமே என்ன செய்யப் போற?"ன்னு. நாற்பத்தாறு வயசுல என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை அக்கா.

இந்த ஊரைப் பத்தி நான் உனக்குச் சரியாச் சொன்னதே இல்லை. இதுவும் ஒரு காலத்துல நம்ம பாம்பன் மாதிரி தீவுதான். நடுவுல இருந்த கால்வாய் மண் மூடி, தரையோட சேந்துடுச்சு. ஆனா பேச்சுல இன்னும் தீவுன்னுதான் சொல்றாங்க. கரை நெடுக வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புப் பாறை. நம்ம பக்கம் தண்ணி முழங்கால் அளவு ஏறினாலே பெருசு. இங்க ரெண்டு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும். வத்துற நேரம் போய்ப் பார்த்தா பாறையெல்லாம் பாசி. கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடிச்சு முங்க வேண்டியதே இல்லை, செருப்போட நடந்தே போயிடலாம். முதல் தடவை பார்த்தப்ப நீயும் அம்மாவும் பட்ட பாடுதான் ஞாபகம் வந்துச்சு. விரல்ல துணி சுத்திக்கிட்டு, குருசடைத் தீவுப் பக்கம் வத்தைப் படகுல போயி, பாறையில கால் கிழிஞ்சு வருவீங்களே.

கொரோனா நேரத்துல வார்டுல பார்த்ததை எல்லாம் உன்கிட்டயும் முழுசாச் சொன்னதில்லை, இப்பவும் சொல்ல மாட்டேன். தூக்கம் போச்சு. அது அடங்குறதுக்குள்ள மாதவிடாய் நிக்கிற காலம் வந்துடுச்சு. ராத்திரி உடம்பு திடீர்னு கொதிக்கும், மூணு மணிக்கே முழிப்பு வந்துடும். விடியுறதுக்கு முந்தியே கடற்கரைக்கு நடக்க ஆரம்பிச்சேன். கரையில ஒதுங்கிக் கிடக்குற பாசியைக் கையில எடுத்துப் பார்ப்பேன். இங்க ஒண்ணு இருக்கு, பிளாடர் ராக்னு பேரு. நம்ம கட்டக்கோரைப் பாசியில காத்து அடைச்ச மணி இருக்குமே, அதே மாதிரி மணி. சின்னப் பிள்ளையில நாம நசுக்கி வெடிக்க வைப்போமே, அப்படி நசுக்கிப் பார்த்தேன். அதே சத்தம்! பக்கத்துல யாரும் இல்லை. வாய் விட்டு அழுதுட்டேன்.

நம்ம மரிக்கொழுந்துப் பாசி இங்க இல்லை. கஞ்சிப்பாசி இல்லை. அம்மா காய்ச்சிக் குடுத்த பாசிக் கஞ்சியைப் பத்திச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.

ஒரு நாள் நூலகத்துல மேசை மேல ஒரு புத்தகம் திறந்து கிடந்துச்சு. பக்கம் முழுக்க நீலம், சொட்டு நீலத்தை முழுசாக் கொட்டின மாதிரி. நடுவுல வெள்ளையா ஒரு செடி. பக்கத்துல நின்ன பொண்ணு "அழகான இலை"ன்னு சொன்னா. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு, அது பாசி. தண்ணிக்குள்ள அசையுற மாதிரியே இருந்துச்சு.

அதைச் செஞ்சது அன்னா அட்கின்ஸ்னு ஒரு அம்மா. நான் இருக்குற இதே கென்ட் மாவட்டத்துக்காரங்க, 1799-ல பிறந்தவங்க. 1842-ல ஹெர்ஷல்னு ஒரு விஞ்ஞானி, வெயிலை வச்சு நீலப் படம் எடுக்குற முறையைக் கண்டுபிடிச்சாரு. சயனோடைப்னு பேரு. அதை வச்சு அட்கின்ஸ் அம்மா மறு வருஷமே, தன் நாற்பத்து நாலாவது வயசுல, இங்கிலாந்துக் கடல்ல கிடைக்குற பாசியை எல்லாம் ஒவ்வொண்ணாப் படம் எடுத்துப் புத்தகமாக்க ஆரம்பிச்சாங்க. பத்து வருஷம், 1853 வரைக்கும் விடலை. புகைப்படத்தோட வந்த முதல் புத்தகம் அதுதான்னு சொல்றாங்க. உலகத்துல முதல் போட்டோ புத்தகம் பாசியைப் பத்தினது அக்கா! இது நம்ம சின்னப்பாலத்துல எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுல என் மனசை அறுத்த விஷயம் ஒண்ணு இருக்கு. புத்தகத்துல அவங்க முழுப் பேரைப் போடலை, ஏ.ஏ.ன்னு ரெண்டு எழுத்து மட்டும்தான். பின்னால வந்த ஒருத்தர் அந்த ஏ.ஏ.வுக்கு 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது 'பேர் தெரியாத கத்துக்குட்டி'ன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டாராம். பத்து வருஷ உழைப்புக்கு அந்தப் பேரு.

அந்த முறை கஷ்டமே இல்லை. ரெண்டு உப்பு. ரெண்டையும் தண்ணியில கரைச்சுக் கலந்து, இருட்டறையில காகிதத்துல பூசிக் காய வச்சா மஞ்சளும் பச்சையுமா இருக்கும். அது மேல பாசியைப் பரப்பி, கண்ணாடி வச்சு அழுத்தி, வெயில்ல காட்டணும். பிறகு பச்சைத் தண்ணியில அலசினா வெயில் பட்ட இடம் நீலமா நிக்கும், பாசி மறைச்ச இடம் வெள்ளையாகும். அலசுறப்ப நீலம் ஏறி வருது பாரு, நூறு தடவை பார்த்துட்டேன், இன்னும் நெஞ்சு படபடங்குது. அந்தக் காலத்துல பாலம் கட்டுற இன்ஜினியருங்க வரைபடத்தை நகல் எடுத்ததும் இந்த முறையிலதான். புளூ பிரிண்ட்னு அதனாலதான் பேரு. ஆகஸ்ட் மாசம் உச்சி வெயில்ல பத்து நிமிஷம் போதும். மார்கழியில மணிக் கணக்காக் காத்துக் கிடக்கணும். நம்ம ஊரு வெயில் இருந்தா ஒரே நாள்ல எத்தனை எடுக்கலாம்!

பாசியைக் காகிதத்துல ஏத்துறதுதான் கை வேலை. தட்டுத் தண்ணியில மிதக்க விட்டு, அடியில காகிதத்தை நுழைச்சு, ஊசியால ஒவ்வொரு கிளையாப் பிரிச்சு, மெதுவாத் தூக்கணும். மேல மல்துணி போட்டு அழுத்தி வைக்கணும். நான் போற கலை வகுப்புல டீச்சர் என் கையைப் பார்த்துட்டு "இதை எங்க கத்துக்கிட்ட?"ன்னு கேட்டாங்க. தீக்காயத்துக்குக் கட்டு மாத்துற கை இதுன்னேன். இருபத்தஞ்சு வருஷ நர்ஸ் வேலை வீணாப் போகலை, அது இந்த வேலைக்குள்ளயும் வந்துடுச்சு.

வகுப்புல பதினொரு பேரு, ஒன்பது பேரு பொம்பளைங்க. பாதிக்கு மேல நாற்பத்தஞ்சு தாண்டினவங்க. ஒருத்தங்க இருபத்தாறு வருஷம் வங்கியில இருந்துட்டு இப்ப மண்பாண்டம் வனையுறாங்க. இன்னொருத்தங்க பள்ளிக்கூடச் சமையல்காரி, பிள்ளைங்க கதைக்குப் படம் வரையக் கத்துக்குறாங்க. உடம்பு கொதிக்கிறதையும் மறதி வர்றதையும் இவங்க வெளிப்படையாப் பேசுறாங்க. நாம இதை அம்மாகிட்டகூடக் கேட்டதில்லையே.

ஆனா ஒண்ணைக் கண்ணைத் திறந்து பார்க்குறேன். அவங்கள்ல பலபேருக்குச் சொந்த வீடு இருக்கு, கடன் அடைஞ்சிருக்கு, பென்ஷன் வரும். அட்கின்ஸ் அம்மாவும் வசதியான வீட்டுக்காரங்கதான், அப்பா விஞ்ஞானி. விழுந்தா தாங்குறதுக்கு ஏதாவது இருக்குறவங்களுக்கு இந்த வயசுல துணிச்சல் சுலபமா வரும். நமக்கு அது இல்லை. அதனாலதான் ரெண்டு ஷிப்டை நான் விடலை, விடவும் மாட்டேன்.

போன மாசம் ஞாயித்துக்கிழமைச் சந்தையில ஒரு மேசை பிடிச்சேன். வாழ்த்து அட்டை ஒன்பது வித்துச்சு, சட்டம் போட்ட படம் ஒண்ணு வித்துச்சு. மேசை வாடகை போகக் கையில நின்னது கொஞ்சம்தான். வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டு வரைக்கும் இப்படிச் சொந்தமா வித்தா வரி கிடையாதாம். அந்த ஆயிரத்தைத் தொடவே எனக்கு ஒரு வருஷம் ஆகும். ஆனா அந்தப் படத்தை வாங்கின பெரியவரு "யார் செஞ்சது?"ன்னு கேட்டாரு. "நான்தான்"னு சொன்னேன். அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ் ஏறத் தோணலை.

அத்தை "பேரன் பேத்தி எடுக்குற வயசுல என்ன படம்"னு கேட்டாங்களாம், உன் மூத்தவ சொன்னா. அவங்ககிட்டக் கொல்லங்குடி கருப்பாயி அம்மாவை நினைச்சுப் பாருங்கன்னு சொல்லு. வயக்காட்டுல பாடிக்கிட்டு இருந்தவங்க, 1985-ல சினிமாவுல பாடி நடிக்கிறப்ப அறுபதை நெருங்கிட்டாங்க. அத்தையே திருவிழாவுல அந்தப் பாட்டைக் கேட்டுக் கை தட்டினவங்கதான்.

இன்னொருத்தங்களைப் பத்தியும் சொல்லணும். ஜூலியா மார்கரெட் கேமரூன்னு பேரு, கல்கத்தாவுல பிறந்தவங்க. 1863-ல மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் குடுத்தாங்க, அப்ப வயசு நாற்பத்தெட்டு. கோழி அடைச்ச கொட்டகையைப் படம் பிடிக்கிற அறையாக்கினாங்க. அவங்க எடுத்த மனுஷ முகங்களை இன்னைக்கும் லண்டன் மியூசியத்துல வச்சிருக்காங்க. கடைசிக் காலத்துல கணவரோட இலங்கைக்குப் போயி, அங்கயும் படம் எடுத்து, 1879-ல அங்கயே செத்துப் போனாங்க. தனுஷ்கோடியில நின்னு நாம பார்ப்போமே, அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

இப்ப உன் விஷயம் அக்கா. இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீ அஞ்சாம் வகுப்போட நின்னே. நான் மதுரையில நர்சிங் படிக்கிறப்ப மூணு வருஷம் பீஸ் வந்தது மரிக்கொழுந்துப் பாசியில இருந்துதான். அதுக்குத்தான் விலை அதிகம்னு, அது எங்க விளையும்னு தேடித் தேடி முங்குனே. உனக்குப் பாடப் பிடிக்கும், முளைப்பாரிக்குக் கும்மி கட்டுனா நீதான் முதல் ஆளு. கோலத்துல உன்னை மாதிரி இழை இழுக்க ஆள் கிடையாது. அதையெல்லாம் உன்கிட்ட நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு இந்த வயசு கிடைச்சதே நீ தண்ணிக்குள்ள பிடிச்ச மூச்சுல. அது தெரியாம நான் படம் பண்ணினா அது திருட்டு.

அட்கின்ஸ் அம்மா ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் பாசியோட லத்தீன் பேரைத் தன் கையாலேயே எழுதி, அந்த எழுத்தையும் அதே வெயிலில் அச்சாக்கியிருக்காங்க. நம்ம மன்னார் வளைகுடாப் பாசிக்கு நான் அப்படி ஒரு வரிசை செய்யப் போறேன். கீழ லத்தீன் பேரு மட்டும் போட மாட்டேன். நீங்க கூப்பிடுற பேரு வரணும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி, மிதவையில வளக்குற பெப்சிப் பாசி, எனக்கு இவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. மிச்சம் உனக்கும் அம்மாவுக்கும் வத்தையில வர்ற மத்த பொம்பளைங்களுக்கும்தான் தெரியும். வளருற இடத்துக்கு ஒரு பேரு, காய்ஞ்ச பிறகு ஒரு பேருன்னு அம்மா சொல்லுவாளே, அதையும் கேளு.

பாசியை அனுப்ப வேண்டாம். வர்ற ஜனவரியில நான் வந்து, நம்ம வீட்டு மாடியிலேயே, நம்ம வெயில்லயே படம் எடுப்பேன். அதுக்குள்ள நீ பேரை எழுதி வை. வெள்ளைத் தாளு, கறுப்பு மார்க்கர் பேனா, ஒரு தாளுக்கு ஒரு பேரு, எழுத்து பெருசா, அழுத்தமா. அந்தத் தாளை எண்ணெயில நனைச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், உன் எழுத்து அப்படியே படத்துல இறங்கிடும். உன் மூத்தவகிட்டக் குடுத்து அழகா எழுதச் சொல்லாத. எழுத்துப் பிழை இருந்தா இருக்கட்டும், திருத்தாத. "ழ"வை நீ இடது பக்கமா இழுத்துச் சுழிப்பியே, அந்தச் சுழிதான் எனக்கு வேணும்.

கடைசித் தாள்ல உன் பேரை எழுது. முதல் எழுத்து மட்டும் போடாத, முழுப் பேரு.

அன்புடன்,
உன் தங்கச்சி