ஐந்நூறு ரூபாய் கையில், ஆனால் தண்ணீர் இல்லை

சென்னையில் பெரிய பாட்டுக் கச்சேரி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவில், கிள்ளானில் இருந்து எழுதுகிறேன். அண்மையில் ஒரு கச்சேரிக்காகவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னை வந்தேன். யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை. ஒருவரை மட்டும் திட்டினால் தீர்கிற விஷயமில்லை இது.

வந்து சேர்ந்ததில் குறையே இல்லை. விமான நிலைய மெட்ரோ கவுன்டரில் ரூபாய் நோட்டை நீட்டினேன், கியூஆர் அச்சிட்ட சீட்டைக் கொடுத்தார்கள். வண்டி மாறாமல் நந்தனம், அங்கிருந்து நடை.

சிக்கல் ஊரிலேயே, டிக்கெட் எடுத்தபோதே தொடங்கிவிட்டது. செயலி இந்திய எண் கேட்டது. 60 என்று தொடங்கும் எங்கள் எண்ணை ஏற்கவில்லை. கடைசியில் அண்ணா நகரில் இருக்கும் சித்தி மகன் எண்ணைப் போட்டு, மீட்டிங்கில் இருந்தவனைத் தொந்தரவு செய்து ஓடிபி வாங்கினேன். டிக்கெட் அவன் பெயரில் வந்தது. வாசலில் அடையாள அட்டை கேட்டால் என்ன செய்வது என்று அம்மா விமானம் முழுக்கப் புலம்பினார். நல்லவேளை, கேட்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள். சரி, பாதுகாப்பு. ஆனால் உள்ளே கடையில், "கேஷ் வாங்குறதில்ல மேடம், ஸ்கேன் பண்ணுங்க." என் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள். மலேசிய வங்கி அட்டையை மெஷின் இரண்டு தடவை துப்பியது. மாலை ஐந்து மணி வெயில், அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. பின்னால் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, "தள்ளுங்க ஆன்ட்டி" என்று தன் போனை நீட்டினாள். அதுவும் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை கூட்டத்துக்கு டவர் தாங்குமா? போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மூன்றாவது முயற்சியில் பணம் போனது. என்னிடம் இருந்த சில்லறையையும் வாங்க மறுத்துவிட்டாள். ஆக, இது வெளிநாட்டுக்காரிக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை.

2025 பிப்ரவரியில் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பாடினார், ஏ.ஆர்.ரகுமானும் மேடையேறினார். அதற்கு நான் வரவில்லை. ஆனால் பாடுகிறவர்கள் கடல் தாண்டி வரும்போது கேட்கிறவர்களும் வரத்தானே செய்வோம்? கோலாலம்பூரில் இருந்து நாலு மணி நேரம்தான்.

டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் எண்ணும் மின்னஞ்சலும் போதும் என்று வையுங்கள். பத்துக் கடையில் இரண்டிலாவது காசு வாங்கச் சொல்லுங்கள். பாட்டிலைப் பிடுங்குகிற இடத்திலேயே குடிநீர் கேன் வையுங்கள், இலவசமாக.

அப்புறம், வெளியேறும் வழி. இரவு பத்துக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். மெட்ரோ பதினொன்று வரைதான். இடையில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் எல்லாரையும் ஒரே வாசலில் நெருக்கினால் எப்படி? எங்கள் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்திலும் எல்.ஆர்.டி. ரயில் ஏற வெகுநேரம் நின்றிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் ரயில் எந்தப் பக்கம் என்றாவது அங்கே தெரியும். இங்கே இருட்டில் ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள்.

அடுத்த கச்சேரி எப்போது என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஐந்நூறு ரூபாய்த் தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கிள்ளானில் இருந்து ஒரு ரசிகை