நிலம் மாநிலத்தின் கையில்தானே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேராசிரியர் ப. இராமசாமியைப் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் 2008 முதல் துணை முதல்வராக இருந்தவர் 2023 மாநிலத் தேர்தலில் பிறைத் தொகுதியில் நிறுத்தப்படாதது, வாக்களிப்புக்குச் சில நாள் இருக்கையில் தம் கட்சியான ஜசெகவை (ஜனநாயகச் செயல் கட்சி) விட்டு விலகியது, யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது என்று முக்கால் பக்கம் அதற்கே போய்விட்டது. கட்சிச் சண்டைக்கு வாசகர் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் விரிவுரையாளராக இருந்த நெடுங்காலத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. எங்களைப் போன்ற தோட்டத்துப் பட்டணத்துக்காரர்களுக்கு அந்த வரியில்தான் விஷயமே இருக்கிறது.

சித்தியவானில் பிறந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் படித்துத் திரும்பி, 2005 வரை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறையில் பாடம் நடத்தியவர் அவர். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், முதலாளி, அரசு நான்கையும் சேர்த்து ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1994இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. தோட்டத்தைப் பற்றிக் கண்ணீர் வடித்து எழுத எத்தனையோ பேர் இருந்தார்கள். கணக்கெடுத்து எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் புள்ளடி போட்டு, ரப்பர்ப் பாலை எடைபோட்டு, மாதக் கடைசியில் பிடித்தம் போக மிச்சத்தை எண்ணிக் கொடுத்தவன். அங்கே சம்பளத்தைவிடப் பெரிய பிடி ஒன்று உண்டு. அது வீடு. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் கைமாறினால் மூன்று தலைமுறை குடியிருந்த லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒரு பலகைகூட நமக்குச் சொந்தமில்லை. 1960இல் மஇகா தலைவர் துன் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி ஊர் ஊராகப் பங்கு சேர்த்ததும், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற இந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான்.

இதையெல்லாம் ஆய்ந்தறிந்த ஒருவர் 2008 மார்ச்சில் பிறையில் சட்டமன்றத்துக்கும் பத்து காவானில் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நேரத்தில் நின்றார். பத்து காவானில் எதிரே நின்றவர் பதினெட்டு ஆண்டு முதல்வராக இருந்த கோ சு கூன். இருந்தும் எங்கள் பக்கம் மக்கள் பேராசிரியருக்கே போட்டார்கள். இந்நாட்டில் மாநிலத் துணை முதல்வராக ஓர் இந்தியர் அமர்ந்தது அதுவே முதல்முறை. அன்று சிம்பாங் அம்பாட் சாப்பாட்டுக் கடைகளில் ஓட்டுப் போடாதவர்கள்கூடப் போட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள்.

அவரை எதை வைத்து எடைபோடுவது என்பதில்தான் உங்கள் கட்டுரையாளரோடு எனக்குத் தகராறு. தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வாங்கித் தந்தாரா, குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாள அட்டையைக் குடிமக்களுக்கான நீலமாக்கினாரா என்று கேட்கிறார். கல்வியும் குடியுரிமையும் மத்திய அரசின் பட்டியல். எங்கள் பக்கத்துச் சேவை மையம் ஒன்றில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். மாவுப் பையில் சுற்றிய காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். தோட்டத்து ஆஸ்பத்திரி முத்திரை பாதி அழிந்த பிறப்புச் சீட்டு, கணவரின் மரணச் சான்றிதழ், ஏற்கெனவே நிராகரித்து வந்த கடிதம். அங்கிருந்த பையன் பொறுமையாக விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தான். அதற்கு மேல் எந்தச் சட்டமன்ற உறுப்பினராலும் செய்யக்கூடியது அதிகமில்லை. கல்வி மாநிலத்தின் கையில் இல்லாத நிலையிலும் பினாங்கு அரசு 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுத்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்து அறப்பணி வாரியத்துக்கும் அவர் தலைவராக இருந்தார். இவற்றை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

நிலம் அப்படியல்ல. நிலம் முழுக்க மாநிலத்தின் அதிகாரம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைக் கைமாற்றும்போது துண்டாடல் நேராமல் பார்த்துக்கொள்ளவே தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவும் மாநிலந்தோறும் தோட்ட நில வாரியமும் இருக்கின்றன. அனுமதி கொடுக்கும் கை நம் கையாக இருக்கும்போது, லயத்தில் இருப்பவர்களுக்கு முதலில் வீடு, பிறகு கையெழுத்து என்று சொல்ல முடியாதா? பேராசிரியரை நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். 2009இல் பினாங்கின் பழைய தமிழர் குடியிருப்பான கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது அவர் மீது விழுந்த வசவில் பாதி நியாயமற்றது. அந்த நிலத்தை விற்க முடிவெடுத்தது முந்தைய ஆட்சி; வழக்கும் நீதிமன்றத்தில் தோற்றிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு 2014இல் இரண்டாவது பாலம் திறந்து, பத்து காவானில் செம்பனை நின்ற இடமெல்லாம் தொழிற்சாலையும் அடுக்குமாடியுமாக எழுந்தபோது, தோட்டங்களை ஆராய்ந்த அந்தக் குரல் நிலத்தைப் பற்றி இன்னும் பலமாக ஒலித்திருக்க வேண்டும். தினமும் ஓர் அறிக்கை விட்டார். மத்திய அமைச்சர்கள் எல்லாருக்கும் பாடம் எடுத்தார். அந்த நேரத்தில் கொஞ்சத்தைத் தோட்ட நில வாரியத்துக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

அவர் இப்போது பதவியில் இல்லை. பேசத் தடையும் இல்லை. உங்கள் நிருபரை அனுப்புங்கள். கட்சியில் யார் முதுகில் குத்தினார் என்று கேட்க வேண்டாம். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் எந்தெந்தத் தோட்டம் எந்த ஆண்டில் யாரிடம் போனது, அங்கிருந்தவர்களுக்கு என்ன நிபந்தனை போட்டார்கள் என்று கேட்டு எழுதட்டும். அதே கேள்வியைப் பிறையின் புதிய சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி,
சிம்பாங் அம்பாட், பினாங்கு.
ஆகஸ்டு 2023